எத்தனை தையல் என்று கேட்டு என்ன பயன்?

கையிலோ முகத்திலோ கட்டுப் போட்டுக்கொண்டு ஒருவர் வந்தால் நாம் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை தையல்?" நான்கு என்றால் சின்னக் காயம் என்று ஆறுதல் சொல்கிறோம். பன்னிரண்டு என்றால் உச்சுக் கொட்டுகிறோம். காயத்தின் பெருமையே தையல் எண்ணிக்கையில் இருப்பதாக நமக்கு ஒரு நினைப்பு.

நான்கு சென்டிமீட்டர் வெட்டை நான்கு தடித்த தையலாலும் மூடலாம், பத்து மெல்லிய தையலாலும் மூடலாம். முகத்தில் என்றால் இரண்டாவதுதான் நல்லது. இழுவிசையைப் பத்துத் தையல் பங்கிட்டுக்கொள்ளும்போது ஒவ்வொன்றும் தோலை நெரிப்பது குறைகிறது. ஆக, பன்னிரண்டு என்று கேட்டு நாம் உச்சுக் கொட்டுவது சில வேளைகளில் நல்ல கைவேலைக்காகவும் இருக்கலாம்.

கேட்க வேண்டிய கேள்விகள் வேறு இரண்டு. என்ன நூல்? எப்போது பிரிப்பார்கள்? நம்மைப் போன்ற மாநிறத்தவருக்கும் கறுப்புத் தோல் கொண்டவர்களுக்கும் இவ்விரண்டின் விடை ஆண்டுக்கணக்கில் உடம்பில் எழுதப்பட்டிருக்கும். ஆனால் யாரும் கேட்பதில்லை. "நம்ம தோல் கறுப்பு, தழும்பு விழத்தான் செய்யும்" என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டுவிடுகிறோம். இந்தப் பேச்சில் பாதிதான் அறிவியல். மீதி, கைவிட்டுவிட்ட மனம். அந்த மீதியோடுதான் எனக்கு வழக்கு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தழும்பு என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வெவ்வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று கருமை: காயம் ஆறிய இடமும், ஊசி ஏறி இறங்கிய புள்ளிகளும் சுற்றியுள்ள தோலைவிட இருண்டு போவது. மற்றொன்று மேடு: தழும்பு தடித்து எழும்புவது. மேடு காயத்தின் எல்லைக்குள் நின்றால் ஒரு வகை. எல்லையைத் தாண்டி நண்டுக்கால் போலப் படர்ந்தால் அது கீலாய்டு. நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான் அந்தப் பெயரே வந்தது. பிரெஞ்சு மருத்துவர் அலிபெர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைத்தது.

கருமைக்குக் காரணம் நமக்குப் பாடப்புத்தகத்தில் தெரிந்த மெலனின். வெள்ளைக்காரருக்கும் நமக்கும் மெலனின் செய்யும் உயிரணுக்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றேதான். வகுப்பில் இதைச் சொன்னால் மாணவர்கள் நம்பவே மாட்டார்கள். வேறுபாடு உற்பத்தியில் இருக்கிறது. நம் தோலில் மெலனின் பொதிகள் பெரியவை, தனித்தனியாகப் பரவிக் கிடப்பவை. தோலில் அழற்சி ஏற்பட்டால், அதாவது வீங்கிச் சூடேறி வலித்தால், அப்போது சுரக்கும் வேதிப்பொருள்கள் இந்த உயிரணுக்களைத் தட்டி எழுப்பும். அவை அளவுக்கு மீறி மெலனினைக் கொட்டும். மேல்தோலில் கொட்டிய கருமை சில மாதங்களில், சிலருக்கு ஓராண்டு ஈராண்டில் மங்கும். கீழே உள்தோலுக்குள் இறங்கிவிட்ட கருமை அவ்வளவு எளிதில் போகாது. பரு உடைந்த இடமும் கொசு கடித்துச் சொறிந்த இடமும் கறுப்பதும் இதே கணக்குதான். அழற்சி எவ்வளவு பலமோ, எத்தனை நாள் நீடித்ததோ, அவ்வளவு கருமை. இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நூலைப் பற்றிய பேச்சு முழுவதும் இதைச் சுற்றித்தான் வரும்.

மேட்டின் கதை இப்படி நேரானதல்ல. கறுப்பாக இருந்தால் கீலாய்டு வரும் என்று நம்மில் பலரும் நினைக்கிறோம். ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் அது அதிகம் என்பது உண்மைதான். ஆனால் நம் நாட்டிலேயே ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. அல்ஹாடி, சிவானந்தராஜா என்ற இரு மருத்துவர்கள் மலேசியாவில் 175 கீலாய்டு நோயாளிகளை இனவாரியாகப் பார்த்து, 1969இல் அமெரிக்காவிலிருந்து வெளிவரும் பிளாஸ்டிக் அறுவைச் சிகிச்சை இதழ் ஒன்றில் எழுதினார்கள். மூன்று இனத்தாரில் கீலாய்டு அதிகம் வருவது யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? சீனர்களுக்கு. இந்தியர்களுக்கோ மலாய்க்காரர்களுக்கோ அல்ல. ஐம்பது ஆண்டுகளுக்கும் முந்திய, சிறிய ஆய்வுதான். இருந்தாலும் உலகக் கட்டுரைகள் இன்றும் இதை மேற்கோள் காட்டுகின்றன, நாம்தான் கேள்விப்பட்டதில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவில் நடந்து 2015இல் வெளியான இன்னோர் ஆய்வில், பிறவியிலேயே மெலனின் இல்லாத கறுப்பினத்தவருக்கும் மற்றவர்களுக்கு வரும் அளவிலேயே ஏறக்குறைய கீலாய்டு வந்திருந்தது. மெலனினே இல்லாத தோலிலும் வருகிறது என்றால், குற்றவாளி நிறம் மட்டும் அல்ல. குடும்பவழி மரபுக்கும் தோலின் இழுவிசைக்கும் காயம் எந்த இடத்தில் என்பதற்கும் பெரிய பங்கு உண்டு. நெஞ்சு, தோள், காது மடல் ஆகியவை ஆபத்தான இடங்கள். உச்சந்தலையிலும் மேல் இமையிலும் அபூர்வம்.

ஆகவே நிறம் நமக்கு உறுதியாகத் தருவது கருமைக்கான சாய்வை. மேட்டுக்கு நம் நிறத்தைப் பார்த்துச் சோதிடம் சொல்ல முடியாது.

இனி நூலுக்கு வருவோம். தையல் நூல்களை இரண்டு கேள்விகளால் பிரித்துவிடலாம். உடம்பு அதைக் கரைக்குமா, கரைக்காதா? ஒற்றை இழையா, பின்னிய பல இழையா?

கரையும் நூல்களில் மூத்தது கேட்கட். பெயரில் பூனை இருந்தாலும் அது ஆடு மாடுகளின் குடலிலிருந்து எடுப்பது. அது புரதம் என்பதால், உடம்பு அதை வேற்றுப் புரதமாகப் பார்த்து நொதிகளை அனுப்பிச் செரிக்கிறது. அந்தச் செரிமானமே ஓர் அழற்சி. பட்டு நூலும் புரதம்தான். அது பின்னிய நூலாக இருப்பதால் இழைகளுக்கிடையே ஈரமும் கிருமியும் திரி போல ஏறும். (மாட்டுக்குடல் என்றதும் சிலருக்கு முகம் சுளிக்கும். சமயக் காரணத்துக்காக வேறு நூல் இருக்கிறதா என்று கேட்பதில் தவறே இல்லை. மாற்று நூல்கள் தாராளமாக இருக்கின்றன.)

1970களில் செயற்கைக் கரையும் நூல்கள் வந்தன. பாலிகிளாக்டின் 910 என்பது அவற்றில் பெயர் பெற்றது, விக்ரில் என்ற விற்பனைப் பெயரில் பலருக்குத் தெரியும். இதை உடம்பு நொதியால் செரிப்பதில்லை, நீர்தான் மெல்ல மெல்லப் பிணைப்புகளை உடைக்கிறது. படிவம் 5 வேதியியல் படிக்கும் பிள்ளைகள் நீராற்பகுப்பு என்று சட்டெனச் சொல்வார்கள். அதனால் கேட்கட்டைவிட அழற்சி குறைவு. ஆனால் முழுவதும் கரைய 56 முதல் 70 நாள் ஆகும். மூன்றாவது அணி, கரையாத ஒற்றை இழைகளான நைலானும் பாலிபுரோப்பிலீனும். நைலான் 1935இல் அமெரிக்காவின் டியூபாண்ட் ஆய்வகத்தில் பிறந்தது. தூண்டில் நூலும் அதுதான். வழுவழுவென்று இருப்பதால் கிருமிக்குப் பிடி கிடைக்காது, உடம்பும் பெரிதாகச் சண்டை போடாது. முடிச்சு மட்டும் சற்று வழுக்கும்.

பருமனும் கவனிக்கத்தக்கது. 3-0, 5-0, 6-0 என்று பொட்டலத்தில் இருக்கும் எண்ணில் பூச்சியம் கூடக்கூட நூல் மெலியும். 3-0 ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர். 6-0 ஏறத்தாழ 0.07, நம் தலைமுடி அளவு. முகத்துக்கு 5-0 அல்லது 6-0 என்பது பொதுவான பழக்கம்.

இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் நைலான் போடச் சொன்னால் தழும்பு வராது" என்று முடிவு கட்ட வேண்டாம். கரையும் நூலையும் கரையாத நூலையும் ஒப்பிட்ட ஆய்வுகள் பலவற்றில், மாதங்கள் கழித்துப் பார்த்தபோது தோற்றத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. நூலின் பெயரைவிட முக்கியமானவை இரண்டு: எவ்வளவு இறுக்கிக் கட்டினார்கள், எத்தனை நாள் உள்ளே விட்டார்கள். தையல் தடத்தைப் பற்றி அமெரிக்க அறுவை மருத்துவர் கிரிகலேர் 1958இலேயே எழுதியதன் சாரமும் இதுதான்.

காரணம் சுவையானது. ஊசி போன துளையைக் காயம் என்றே நம் தோல் கருதுகிறது. மேல்தோல் உயிரணுக்கள் நூலைப் பிடித்துக்கொண்டு அந்தத் துளைக்குள் இறங்கிச் சுவர் கட்டத் தொடங்குகின்றன. ஒரு வாரத்துக்குள் நூலை எடுத்துவிட்டால் கட்டிய சுவர் பெரும்பாலும் தூர்ந்துபோகும். அதைத் தாண்டினால் துளைக்குத் துளை ஒரு புள்ளியும், நூல் அழுத்திய இடத்தில் ஒரு குறுக்குக் கோடும் நிலைத்துவிடும். தண்டவாளம் போலவோ ஏணி போலவோ சிலருடைய நெற்றியில் பார்த்திருப்பீர்கள். வெள்ளைத் தோலில் அந்த ஏணி மங்கலாக இருக்கும். நம் தோலில் ஒவ்வொரு புள்ளியிலும் அழற்சி, ஒவ்வொரு புள்ளியிலும் கருமை. வெட்டுத் தழும்பைவிட தையல் தடம் பளிச்சென்று தெரியும்.

தைப்பூசத்தன்று பத்துமலையில் அலகு குத்தியவர்களுக்குக் கன்னத்தில் ஏன் தழும்பு தெரிவதில்லை என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நம்பிக்கையில் நான் கை வைக்கவில்லை. தோலின் கணக்கை மட்டும் சொல்கிறேன். கூரான, வழவழப்பான கம்பி, சில மணி நேரத்தில் வெளியே வந்துவிடுகிறது. கன்னத்தில் இரத்த ஓட்டமும் நன்று. சுவர் கட்ட உயிரணுக்களுக்கு நேரமே கிடைப்பதில்லை. அதே ஊசி காது மடலில் ஏறி, அங்கே ஒரு தோடு மாதக்கணக்கில் தங்கிப் புண்ணாகிக்கொண்டே இருந்தால் கதை வேறு. கீலாய்டு நோயாளிகளில் எத்தனை பேருக்குக் காதில் தொடங்கியது என்று தோல் மருத்துவரைக் கேட்டுப் பாருங்கள்.

எனவே நாள் கணக்குதான் உயிர்நாடி. பொதுவான கணக்கு இது: முகத்தில் 5 முதல் 7 நாள், தலையில் 7 முதல் 10, முதுகு, கால், மூட்டுப் பகுதிகளில் 10 முதல் 14. உங்கள் காயத்துக்கு மருத்துவர் வேறு நாள் குறித்தால் அதுவே சரி.

செராஸில் நான் கற்பிக்கும் பள்ளியில் ஒரு மாணவன் பந்து விளையாடும்போது புருவத்துக்கு மேல் கிழித்துக்கொண்டான். அப்பா லோரி ஓட்டுகிறார், ஜொகூர் போனால் வர நாளாகும். அம்மாவுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட். தையல் போட்ட கிளினிக்கில் "ஒரு வாரம் கழித்து வாங்க" என்றார்களாம், சீட்டில் தேதி எழுதவில்லை. ஒரு வாரம் மூன்றாயிற்று. கரையும் நூல், தானாக விழுந்துவிடும் என்று வீட்டில் நினைத்திருந்தார்கள். போட்டது நைலான். இன்று அவன் நெற்றியில் இருப்பது கோடல்ல, ஏணி. அந்தக் குடும்பத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு வரி எழுதித் தந்திருந்தால் போதுமே.

சீக்கிரம் எடுத்தால் காயம் பிளக்காதா என்பது நியாயமான அச்சம். ஒரு வாரத்தில் காயத்தின் பலம் பழைய தோலின் பலத்தில் 5 விழுக்காடுகூட இராது. மூன்று வாரத்தில் ஏறத்தாழ 20. மூன்று மாதத்தில் 80ஐ எட்டும், அதற்கு மேல் ஒருபோதும் முழுமையடையாது. இங்கேதான் நூல் தேர்வு உண்மையில் வேலை செய்கிறது. ஆழமான காயத்தில் திறமையான மருத்துவர் கரையும் நூலை உள்தோலில் புதைத்து, இழுவிசை முழுவதையும் அதன்மேல் சுமத்திவிடுவார். மேலே போடும் மெல்லிய நைலானுக்கு ஓரங்களைச் சமமாகச் சேர்த்துப் பிடிக்கும் வேலை மட்டுமே. அதை ஐந்தாம் நாளில் எடுத்து, காகித ஒட்டுப் பட்டைகளை ஒட்டி அனுப்பலாம். அடியில் இருப்பது வாரக்கணக்கில் தாங்கும். சில இடங்களில் தோலுக்கு மேல் துளையே தெரியாமல் உள்ளுக்குள்ளேயே ஓட்டித் தைப்பார்கள். துளை இல்லையேல் புள்ளியும் இல்லை. எந்த நூல் நல்லது என்பதைவிட எந்த நூலை எந்த அடுக்கில் என்பதே சரியான கேள்வி.

அவசரப் பிரிவில் நள்ளிரவு இரண்டு மணிக்கு இதையெல்லாம் பார்க்க முடியுமா என்று மருத்துவர்கள் கேட்கலாம். முடியாது. மோட்டார் விபத்தில் வந்தவருக்கு முதலில் இரத்தம் நிற்க வேண்டும், அழுக்கு போக வேண்டும். தார்ச்சாலையின் துகள் உள்ளே தங்கினால் எந்த நூலாலும் அழகு வராது. ஆனால் தேதி எழுதுவதற்கு நள்ளிரவு தடையல்ல.

எனக்கு இதைவிடப் பெரிய குறை ஆராய்ச்சியின் மீது. நம் தோலை மருத்துவ நூல்கள் இன்னும் விருந்தாளியாகத்தான் நடத்துகின்றன. தோல் நிறத்தை வகைப்படுத்த உலகமெங்கும் பயன்படும் ஃபிட்ஸ்பேட்ரிக் அளவுகோல் 1975இல் வந்தபோது அதில் நான்கு வகைகள்தான், எல்லாம் வெள்ளைத் தோலுக்கு. சொரியாசிஸுக்குப் புற ஊதாச் சிகிச்சையின் அளவைக் கணிக்கச் செய்தது அது. மாநிறமும் கறுப்பும் 5, 6 என்று பின்னால் சேர்க்கப்பட்டன. வெயிலில் தோல் சிவந்து எரியுமா என்று கேட்கும் அளவுகோல், தையல் போட்டால் கறுக்குமா என்பதற்கு எப்படி விடை சொல்லும்? தழும்பை அளக்கும் வான்கூவர் அளவுகோலில் (1990) நிறத்துக்கு ஓர் இடம் உண்டு. ஆனால் அதை நிரப்புபவர் மருத்துவர். நோயாளி சொல்வதையும் கணக்கில் எடுக்கும் அளவுகோல் 2004இல்தான் நெதர்லாந்திலிருந்து வந்தது.

அழற்சி என்றால் சிவத்தல் என்றே எல்லாப் புத்தகத்திலும் படம். நம் தோலில் சிவப்பு தெரியாது. ஊதா கலந்த கருமையாக, அல்லது வெறும் மினுமினுப்பும் வீக்கமுமாகத் தெரியும். தையலைச் சுற்றிக் கிருமி புகுந்ததை ஒரு நாள் தாமதமாகக் கண்டுபிடித்தால் அந்த ஒரு நாளும் கருமையில் சேரும். லண்டன் செயின்ட் ஜார்ஜ் பல்கலைக்கழக மாணவர் மலோன் முக்வெண்டே 2020இல் கறுப்புத் தோலில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்று ஒரு கையேடே தயாரித்தார். மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர், தன் பாடத்தில் தன் தோல் இல்லையே என்று கேட்டதால் வந்தது அது.

மலாய், சீன, இந்திய, பூர்வகுடித் தோல்கள் ஒரே வார்டில் படுத்திருக்கும் நாடு இது. இங்கே செராஸில் யுகேஎம் மருத்துவமனை இருக்கிறது, சற்றுத் தள்ளி மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம் இருக்கிறது. 1969இல் இரண்டு பேர் 175 நோயாளிகளை வைத்துக்கொண்டு கேட்ட கேள்வியை, இன்றைய நூல்களையும் நிறம் அளக்கும் கருவிகளையும் கொண்டு நம்மைவிட நன்றாக எந்த நாடு கேட்க முடியும்? மருத்துவம் படிக்கப் போகும் என் பழைய மாணவர்களிடம் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். இதய அறுவைதான் வேண்டும் என்கிறார்கள். யாராவது ஒருவருக்குத் தோல் பிடிக்கும்.

தையல் பிரித்த பிறகும் வேலை முடிவதில்லை. தழும்பு முதிர ஓராண்டு, சில நேரம் அதற்கும் மேல் ஆகும். கோலாலம்பூரில் தெளிந்த நாளில் நண்பகல் புற ஊதாக் குறியீடு 10ஐத் தாண்டிவிடும். புதிய தழும்பை வெயிலில் காட்டினால் கருமை இரட்டிக்கும். நம் தோலைப் பொறுத்தவரை கண்ணுக்குத் தெரியும் ஒளியே கறுக்கச் செய்கிறது என்று 2010இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. அதே ஒளி வெள்ளைத் தோலில் ஒன்றும் செய்யவில்லை. அதனால் வெறும் வெள்ளைக் களிம்பைவிட, இரும்பு ஆக்சைடு சேர்த்த, தோல் நிறச் சாயல் கொண்ட வெயில் தடுப்புக் களிம்பு நமக்குப் பயன் தரும். பணமில்லை என்றால் தொப்பியும் காகிதப் பட்டையும் போதும்.

இரவுச் சந்தையிலும் இணையத்திலும் விற்கும் வெளுப்புக் களிம்பு மட்டும் வேண்டவே வேண்டாம். தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமை அவ்வப்போது தடை செய்யும் களிம்புகளின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின் என்று திரும்பத் திரும்ப அதே பெயர்கள். பாதரசம் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். மற்ற இரண்டும் மருத்துவர் கண்காணிப்பில் தர வேண்டிய மருந்துகள். அளவு தவறினால் எரிச்சல், எரிச்சலால் அழற்சி, அழற்சியால் மீண்டும் கருமை. கீலாய்டுக்கு மருத்துவர் போடும் டிரையாம்சினோலோன் ஊசிகூட நம் தோலில் சுற்றுப்புறத்தை வெளிறச் செய்யலாம். அதையும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

அடுத்த முறை உங்கள் வீட்டில் யாருக்காவது தையல் போட நேர்ந்தால், உங்கள் உடம்பிலோ அப்பா அம்மா உடன்பிறந்தவர் உடம்பிலோ கீலாய்டு இருக்கிறது என்றால் ஊசி ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பிறகு, "பெனாங் ஜெனிஸ் அப்பா? பீலா புக்கா?" என்று கேளுங்கள். என்ன நூல், எப்போது பிரிப்பது. தாதியிடம் சீட்டை நீட்டி, இரண்டையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பிரிக்கும் நாள் வேலை நாளாக இருந்தால் அப்போதே எம்சி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அரசாங்கக் கிளினிக்கில் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளிதான்.

அந்தச் சீட்டைக் கைப்பையில் மடித்து வைக்காமல் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள்.